பின்னாண்ட போகும் இன்ஜினீயரம்மா

யார் வீட்டுக்குப் போனாலும் ஜெயகுமாரி முன்வாசலில் நிற்பதில்லை. "பின்னாடி எப்படிங்க போகணும்?" என்று கேட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்துவிடுவார். பாத்திரம் தேய்க்கிற இடம், அழுக்குத் தண்ணீர் ஓடுகிற திசை, கிணறு, கக்கூஸ், இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தூரம், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் முன்பக்கம் வந்து, "சொல்லுங்க, எல்லாரும் சௌக்கியமா?" என்பார். ஆபீசர் வருகிறார் என்று வாசல் தெளித்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு அதற்குள் மானம் போயிருக்கும்.

"இன்னா பொம்பளடி இது! ஊட்டுக்கு வந்தா மொகத்தப் பாக்காம முதுவப் பாக்குது" என்று வேலப்பன்சாவடியில் புஷ்பா என்கிற அம்மாள் வாய்விட்டே சொன்னார். ஜெயகுமாரி சிரித்துக்கொண்டார். "முகத்தை எல்லாரும் கழுவி வெச்சிருப்பீங்க. எனக்கு முதுகுதான் வேலை."

வேலை என்றால் வேலை நேரத்தோடு விடுகிறவரா? அம்பத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நிற்கிறார்கள். படம் எடுக்க எல்லோரும் வந்தாயிற்று, ஜெயகுமாரி அத்தையைக் காணவில்லை. தேடிப் போனால், பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். "இந்த டிரம் தண்ணி எங்க பிடிச்சீங்க? எந்தக் கிணறு? காட்டுங்க." பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட யாருக்கும் வயிறு கெடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவர் சுகாதாரப் பொறியாளர். வயிற்றுப்போக்கு வந்தவரை டாக்டர் பார்ப்பார். அவர் குடித்த தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று இவர் பார்ப்பார். டாக்டருக்குக் கும்பிடு கிடைக்கும். இவருக்குக் கிடைப்பது, "வந்துட்டாங்கப்பா, பிளீச்சிங் பவுடரு!"

ஆவடியில் கடைசல் மெஷின் ஓட்டிய செபாஸ்டியனின் மகள். கிண்டியில் கட்டடப் பொறியியல் படித்தபோது கூடப் படித்தவர்கள் அணை, பாலம், அடுக்குமாடி என்று கனவு கண்டார்கள். இவர் மேற்படிப்புக்குக் குடிநீரையும் கழிவுநீரையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். செபாஸ்டியனுக்கு மனசே ஆறவில்லை. "பாலம் கட்டுனா பேராவது இருக்கும். நீ சாக்கடை தோண்டப் போறேன்றியேம்மா!" மகள் சொன்னாள்: "பாலம் இல்லன்னா ஜனங்க சுத்திக்கிட்டுப் போவாங்கப்பா. நல்ல தண்ணி இல்லன்னா எங்க சுத்திப் போவாங்க?" பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் 'சாக்கடை' என்ற சொல்லைக் கேட்டதும் பலகாரத்தோடு எழுந்து போயின. மூன்றாவதாக வந்த பிரகாசம் மட்டும், "எங்க தெருவுல ரொம்ப நாளா அடைச்சிக்கிட்டு இருக்குங்க" என்றாராம். கல்யாணம் நடந்தது. தெருவும் சரியானது.

எண்பத்தொன்றில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் இருக்கிறதே, ஊருக்கெல்லாம் கழிப்பறை கட்டச் சொல்கிற அந்த அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை! பக்கத்துத் தபாலாபீஸ் அம்மாவின் தயவில்தான் கொஞ்ச காலம் ஓடியது. அரசாங்க உத்தியோகத்தில் ஜெயகுமாரி போட்ட முதல் வரைபடம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அந்தக் கழிப்பறையைத்தான் சொல்வார். இப்போது பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் பூமிக்கடியில் ஓடுகிற குழாய்களில் பாதிக்கு அவர் கையெழுத்து இருக்கிறது. பதவி உயர்ந்து, மேசை பெரிதாகி, தலையில் நரை வந்த பிறகும் யார் வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம்தான்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது துலுக்கானத்தால். அவர்தான் ஜீப் ஓட்டுநர். இதற்கு முன்னால் பெரிய பெரிய அதிகாரிகளை அணைக்கட்டு பங்களாவுக்கும் மலைவாசஸ்தலத்துக்கும் ஓட்டிப் போனவர். இந்தம்மாவிடம் மாற்றல் வந்த முதல் வாரம் நான்கு சாக்கடை, இரண்டு குப்பைமேடு, ஒரு மாட்டுத்தொழுவம். வீட்டுக்கு வந்து, "இன்னா பொழப்பு இது" என்று புலம்பினார். பிளீச்சிங் தூள் மூட்டை ஏற்றி ஏற்றி அவருடைய காக்கிச் சட்டை வெளுத்துப் போனது. "என் ஜீப்பாண்ட ஈகூட வராது, தெரியுமா?" என்று அதையே இப்போது பெருமையாகச் சொல்வார். மனிதர் மாறியதற்குக் காரணம் எண்பத்தெட்டாம் வருஷத்து ஆடி மாசம்.

வேலப்பன்சாவடிக்கு உள்ளே, கூவம் ஆற்றங்கரை மணலில் உட்கார்ந்திருக்கிறது மேட்டுத்தோப்பு. துலுக்கானம் பிறந்த இடம். அப்பன் பாட்டன் காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள். பிள்ளைகள் இப்போது சைக்கிளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே அம்மன் கோயில், கோயிலுக்குச் சொந்தமாய் ஒரு கிணறு. அம்மனைக் குளிப்பாட்டுவதும் அந்தத் தண்ணீர், ஊர் குடிப்பதும் அந்தத் தண்ணீர். கோயிலில் கரகம் எடுப்பது, ஆடிக்கூழ் ஊற்றுவது எல்லாம் துலுக்கானத்தின் அக்கா வேம்புலியம்மாள். அவர் கையால் ஒரு கரண்டி வாங்காமல் மேட்டுத்தோப்பில் யாரும் கூழ் குடிக்க மாட்டார்கள்.

வேம்புலியம்மாளின் மகன் உத்தமன் பட்டறையில் ஃபிட்டர். 'வீட்டுக்கு ஒரு கழிப்பறை' என்று அரசாங்க வேன் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொன்னதைக் கேட்டு, சீட்டுப் பணம் எடுத்து, அந்தக் குடியிருப்பிலேயே முதன்முதலாகக் கக்கூஸ் கட்டியவன். ஊரே வந்து பார்த்தது. கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல எட்டி எட்டிப் பார்த்தார்கள். குழியை வேலியோரமாகத் தோண்டியிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மன் கிணறு.

அந்த ஆடியில் வாந்திபேதி கண்டது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். வேம்புலியம்மாளின் உயிர்த்தோழி, அடுத்த வீட்டுக் கண்ணம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். அம்மனுக்குக் கோபம் என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கூழ் ஊற்றி அவளைக் குளிர வைப்பது. வானகரத்து ஜனங்களையும் அழைப்பது. கேழ்வரகைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஆறின பிறகு அண்டாவில் கொட்டிக் கரைப்பார்கள் பாருங்கள், அது பச்சைத் தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீர்.

ஜெயகுமாரி வந்தார். வழக்கம்போல நேரே பின்பக்கம் போனார். குழியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா, கக்கூஸ் தண்ணி கிணத்துல இறங்குது. கிணத்துக்கு மருந்து போடணும். கூழுக்கு நான் லாரியில தண்ணி அனுப்பறேன்."

"இன்னாம்மா பேசற? என் புள்ள கட்டுனது மேல கீது, தண்ணி கீழ கீது. நடுவுல பூமாதேவி கீறாளே, அவ வடிகட்ட மாட்டாளா?" என்றார் வேம்புலியம்மாள். "அம்மன் குளிக்கிற தண்ணில மருந்த கொட்டுவியா? ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்கும். எட்டிப் போ!"

"ஆத்து மணலும்மா இது. இவ்ளோ கிட்டத்துல வடிகட்டாது."

யார் கேட்டார்கள்? போலீசை வைத்துக் கிணற்றை மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "மூடலாம் சார். அம்மன் தண்ணின்னு மறைவா மொண்டு குடிப்பாங்க" என்றார் ஜெயகுமாரி.

திங்கட்கிழமை மறுபடியும் மேட்டுத்தோப்பு. ஜீப்பிலிருந்து துலுக்கானம் ஒரு டப்பாவைக் கைப்பையில் போட்டுக் கொடுத்தார். ஜெயகுமாரி உத்தமன் வீட்டுக் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெளியே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஆபீசரம்மாக்கு அவசரம் டோய்!" உள்ளே அவர் செங்கல்பொடி நிறத்தில் இருந்த ஒரு சாயத்தூளைக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பட்டால் அந்தத் தூள் கிளிப்பச்சையாகும். கிணற்றிலும் அதே பச்சை வந்தால், கண்ணால் பார்த்துவிட்டு யாரும் மறுத்துப் பேச முடியாது. முன்னாலேயே சொன்னால் உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லாமலே செய்தார். அங்கேதான் சறுக்கியது.

புதன்கிழமை காலை ஜீப் உள்ளே நுழையும்போதே உடுக்கைச் சத்தம். கிணற்றைச் சுற்றிக் கற்பூரம். குடங்கள் வரிசை. மூன்று பெண்கள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கிணறு முழுக்கக் கிளிப்பச்சை, அப்படி ஒரு பச்சை! "பச்சையம்மா! எங்க தாயே! எறங்கி வந்துட்டியா!" என்று ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். திருமுல்லைவாயில் பச்சையம்மனே வந்து கிணற்றில் குடியேறிவிட்டாள் என்று பேச்சு. வேம்புலியம்மாள் ஆளுக்கு ஒரு கை தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். டப்பாவைத் தன் கையால் எடுத்துக் கொடுத்த துலுக்கானமே ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயகுமாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. குடிக்காதே என்று சொல்ல வந்தவர், குடிக்காதவனையும் குடிக்க வைத்துவிட்டார். "ஐயோ ஆண்டவரே" என்று அவர் சொன்னது துலுக்கானத்துக்கு மட்டும் கேட்டது. மறுகணம் ஷூவைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் நடந்தார்.

"குடிக்காதீங்க! அம்மன் இல்ல, நான்தான்! திங்கட்கிழமை உத்தமன் வீட்டுக் கக்கூஸ்ல நான் கலர் ஊத்தினேன்!"

உடுக்கை நின்றது. "சர்ச்சுக்குப் போறவ. எங்காத்தா வந்தது பொறுக்கல இதுக்கு" என்று ஒரு குரல். கூட்டம் நெருங்கியது. ஒருவன் கையை ஓங்கிவிட்டான். துலுக்கானம் குறுக்கே போய் நின்றார். "நிஜம்தான்க்கா. டப்பாவ நான்தான் எடுத்தாந்தேன்."

"நீயுமாடா?" என்றார் வேம்புலியம்மாள்.

அப்போது ஜெயகுமாரி செய்ததுதான் பெரிது. அதிகாரி என்று மிரட்டவில்லை. ஊர் முன்னால் கையைக் கூப்பினார். "உங்களைக் கேக்காம செஞ்சேன். தப்பு, மன்னிச்சிடுங்க. இப்ப கேட்டுட்டுச் செய்யறேன். நான் தொடக்கூட மாட்டேன், நீங்களே ஊத்துங்க. வேற கலர் தரேன், சிவப்பு. அம்மன் வந்து தண்ணி பச்சையாச்சுன்னா, நீங்க கக்கூஸ்ல எதை ஊத்தினாலும் கிணறு பச்சையாத்தானே இருக்கணும்? சிவப்பு வந்தா என் பேச்சைக் கேளுங்க. வரலன்னா எங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரும் இந்தக் கிணத்துப் பக்கம் தலை காட்ட மாட்டோம்."

வேம்புலியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடு" என்றார். எஞ்சின் வைத்துக் கிணற்றை அடிமட்டம் வரை இறைத்தார்கள். கண்ணம்மாவின் புருஷன் மதுரைவீரன்தான் எஞ்சினைப் பிடித்துக்கொண்டான். வேம்புலியம்மாள் தன் கையாலேயே சிவப்புத் தூளை அள்ளிக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கக்கூசைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றோடு முடிந்துகொண்டார். அவருடைய வலது கை மணிக்கட்டு வரை குங்குமமாய்ச் சிவந்து போனது. சோப்புக்கும் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை.

வியாழன் முழுக்க இரண்டு பெண்களும் கிணற்றடி வேப்பமரத்தின் கீழ் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். லாரித் தண்ணீரை ஊர் முணுமுணுத்துக்கொண்டு பிடித்தது. துலுக்கானத்துக்குத்தான் தவிப்பு. சிவப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊரே அந்தக் கூழைக் குடிக்கும். எத்தனை கண்ணம்மாக்கள் போவார்களோ. வந்துவிட்டால் அக்கா குடும்பம் ஊரில் தலை நிமிர முடியாது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அம்மன் முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம். ஊறியிருந்த கொஞ்சம் தண்ணீரை ஊரே எட்டிப் பார்த்தது. உத்தமன் வீட்டுப் பக்கமாக இருந்த கிணற்றுச் சுவரில், கல்லிடுக்கிலிருந்து சிவப்பு கசிந்து வழிந்துகொண்டிருந்தது. எந்த வழியாக வருகிறது என்பதைக் குழந்தைகூட விரலால் காட்டலாம்.

மதுரைவீரன் உத்தமனின் சட்டையைப் பிடித்தான். "உன் ஊட்டுப் பீயத்தானேடா என் பொண்டாட்டிக்குத் தீர்த்தம்னு ஊத்துனீங்கோ!"

கண்ணம்மா படுத்திருந்தபோது அந்தத் தண்ணீரை வாயில் ஊற்றியது வேம்புலியம்மாள். அவர் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயகுமாரி மதுரைவீரனின் கையைப் பிடித்து விலக்கினார். "அவனை விடுங்க. கக்கூஸ் கட்டுன்னு வேன் வெச்சுக் கத்தினது நாங்க. எங்க கட்டக் கூடாதுன்னு ஒரு ஆள் வந்து சொல்லல. அந்தத் தப்பு எங்களோடது. அடிக்கணும்னா என்னை அடிங்க." மதுரைவீரன் அவரைப் பார்த்தான். பிறகு அவர் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று ஓவென்று அழுதான். துலுக்கானம் எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்தவர். தப்பைத் தன் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆபீசரை அன்றைக்குத்தான் பார்த்தார். "அப்பவே எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு நைனா" என்பார்.

கிணற்றின் மேல் பலகை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லாரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் கூழ் கரைத்தார்கள். அண்டா நிறைந்தது. வேப்பிலை கட்டியாயிற்று, கருவாட்டுக் குழம்பு மணக்கிறது, வானகரத்து ஜனங்களும் வந்தாயிற்று. வேம்புலியம்மாள் மட்டும் கோயில் சுவரோரம் சிவந்த கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்தமன் கூப்பிட்டான், துலுக்கானம் காலைப் பிடிக்காத குறை.

"சாவு ஊத்துன கைடா இது. இந்தக் கையால நான் யாருக்கும் ஊத்த மாட்டேன்."

அவர் ஊற்றாமல் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அவர் ஊற்றினாலும் வாங்குவார்களா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தூக்கும் சொம்புமாக ஜனங்கள் தள்ளித் தள்ளியே நின்றார்கள். மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்டாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வெற்று மண்.

அந்த நேரம் ஆவடி மாதா கோயிலில் பூசையில் இருந்திருக்க வேண்டியவர் ஜெயகுமாரி. பஸ் பிடித்து வந்திருந்தார். பூசைக்கென்று கட்டின வெள்ளைச் சேலை. யாரிடமோ ஒரு சொம்பை வாங்கிக்கொண்டு, அந்த வெற்று மண்ணைத் தாண்டிப் போய் வேம்புலியம்மாளின் முன்னால் நின்று, சொம்பை நீட்டினார். வேம்புலியம்மாள் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. நீட்டின சொம்பு நீட்டினபடியே இருந்தது.

கடைசியில் வேம்புலியம்மாள் எழுந்தார். முந்தானைக்குள்ளிருந்து சிவந்த கை வெளியே வந்து கரண்டியைப் பிடித்தது. கூழ் சொம்பில் விழுந்தபோது வெள்ளைச் சேலையிலும் கொஞ்சம் தெறித்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஜெயகுமாரி அங்கேயே நின்று அண்ணாந்து குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பை மறுபடியும் நீட்டினார்.